கிண்டலுக்கு ஆளாகும் பையனே மற்றவர்களையும் அடிக்கிறான்: யோசனை சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். நான் ஆறாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும்.

பெரிய பையன்கள் சிலர் அவனுக்குப் பட்டப்பெயர் வைத்துச் சீண்டுகிறார்கள், விளையாட்டில் சேர்ப்பதில்லை. அந்தக் கோபத்தை அவன் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளிடம் காட்டுகிறான். நேற்று ஒரு சிறுவனின் பென்சில் பெட்டியைப் பிடுங்கி, உள்ளே இருந்ததையெல்லாம் தரையில் கொட்டினான். அப்புறம் அவனே ஓரமாக நின்று அழுதான். திங்கட்கிழமை என்றாலே வயிற்றுவலி.

கொடுமைக்கு ஆளாகி, தானும் கொடுமை செய்யும் பிள்ளைகளுக்குத்தான் மனச்சோர்வு, பதற்றம், நண்பர்கள் இல்லாமை, கோபத்தை அடக்க முடியாமை எல்லாம் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன என்று ஆய்வுகள் சொல்கின்றன. தண்டனை மட்டும் இவனுக்குப் போதாது. இவனையும் இவனைச் சீண்டும் பெரிய பையன்களையும் நேருக்கு நேர் உட்காரவைத்துப் பேசச் சொல்கிறார்கள் சிலர். பலம் சமமாக இல்லாத இடத்தில் அது இவனை இன்னும் பயமுறுத்தும். எனக்கு அதில் சம்மதமே இல்லை.

குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்ட, பிள்ளைகளின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் 25 கேள்விப் படிவத்தை யாராவது வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறீர்களா? வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை இவனுக்குத் துணை நிற்கப் பழக்குவது எப்படி? “ஆம்பளப் பையன், தாங்கிக்கணும்” என்கிறார் அவன் அப்பா. அவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது? குழந்தை மனநல ஆலோசகர்கள் இங்கே இருந்தால், முதலில் எதைச் செய்வீர்கள் என்று சொல்லுங்கள்.