‘மனதுருகி’க்குப் பின்னால் ஒரு கறிக்கடை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

திண்ணைவாசி:
பைபிளில் மத்தேயு 9:36-இல், இயேசு ஜனக்கூட்டத்தைக் கண்டு “அவர்கள்மேல் மனதுருகி” என்று வருகிறதே, மூலமொழியான கிரேக்கத்தில் அந்த வினைச்சொல் ஸ்ப்ளாங்க்னிசோமாய். வாயில் நுழையவே ஒரு வாரம் ஆகும். பிரசங்கத்திலோ வேதபாட வகுப்பிலோ இந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். என் கதை இது.

வேலை ஓய்வுக்குப் பிறகு கிரேக்கம் படிக்க உட்கார்ந்தேன். அகராதியில் இந்த வினைக்கு மூலமான ஸ்ப்ளாங்க்னா என்ற பெயர்ச்சொல்லைத் தேடினால், பலியிட்ட மிருகத்தின் இதயம், நுரையீரல், கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் என்று போட்டிருக்கிறது. பழைய கிரேக்கர்கள் பலி கொடுத்ததும் முதலில் இவற்றைத்தான் நெருப்பில் வாட்டித் தின்பார்களாம். குடலுக்கு என்டெரா என்று வேறு சொல். இரக்கத்தைத் தேடிப் போனவனுக்கு ஈரல் கிடைத்தது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

அந்த வாரம் ஆராதனை முடிந்து கறிக்கடையில் நிற்கிறேன். கொக்கியில் கொத்தாகத் தொங்கியதைக் காட்டி, “ஈரக்குலை தனியா வேணுமா சார், கறியோட சேத்துப் போடவா?” என்றார் கடைக்காரர். குடல் கீழே ஒரு வாளியில் தனியாகக் கிடந்தது. அகராதி பிரித்த அதே பிரிவு! ‘சேத்துப் போடுங்க’ என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

எங்கள் ஆச்சி, பேரன் மாடிப்படியில் உருண்டதைச் சொல்லும்போதெல்லாம் “எனக்கு ஈரக்குலையே அத்துப்போச்சு” என்பாள். மனது உருகுவதற்கு முன்னால் உடம்பு ஆட்டம் காண்கிற அந்த இடம்தான் இந்த வினை என்று தோன்றுகிறது.

இரவுப்பணி:
நான் நர்ஸ். கிரேக்கம் தெரியாது. எங்கள் ஜெபக்குழுவில் ஒரு அக்கா லூக்காவில் இந்தச் சொல் வரும் மூன்று இடங்களையும் வாசிக்கச் சொன்னார்: 7:13, 10:33, 15:20. மூன்றிலும் முதலில் பார்ப்பது, அப்புறம் மனதுருகுவது. மகனை இழந்த நாயீன் ஊர் விதவையை இயேசு பார்க்கிறார். குற்றுயிராய்க் கிடந்தவனைச் சமாரியன் பார்க்கிறான். தூரத்தில் வரும் மகனைத் தகப்பன் பார்க்கிறார்.

அக்கா அதோடு விடவில்லை. “சமாரியனுக்கு முன்னால் விலகிப்போன ஆசாரியனும் லேவியனும்கூடத்தான் பார்த்தார்கள், வசனத்தை எடுத்துப் பார்” என்றார். உண்மைதான். மூன்று பேருமே கண்டார்கள். சமாரியனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வினைச்சொல்.

ஒரு ராத்திரியில் எத்தனை பேரை ‘பார்க்கிறேன்’ என்று எனக்குத்தான் தெரியும். சார்ட்டைப் பார்ப்பேன், டிரிப்ஸைப் பார்ப்பேன், நகர்வேன். அந்த வகுப்புக்கு அடுத்த நாள், மகனைப் பறிகொடுத்த ஒரு அம்மா வார்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். காலிலேயே போட்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். நாயீனிலும் அந்த விதவை எதையும் கேட்டதாக இல்லை.

ஒற்றுப்பிழை:
@திண்ணைவாசி ஐயா, ஒரு மறுப்பு. ஈரக்குலை அறுந்துபோவதும் நடுங்குவதும் தமிழில் பயம், பதற்றம். இரக்கத்துக்கு நாம் அப்படிச் சொல்வதில்லை. ‘பெத்த வயிறு’தான் பக்கத்தில் வரும். எபிரெயத்திலும் இரக்கத்துக்கு ரஹமீம், கருப்பைக்கு ரெஹெம், ஒரே வேர். பழைய ஆங்கில பைபிள் ஸ்ப்ளாங்க்னாவைக் ‘குடல்’ என்றே போட்டுவிட்டது. அந்தக் காலத்து ஆங்கிலேயருக்கு அது புரிந்திருக்கும். இன்றைக்குப் படித்தால் சிரிப்பு வருகிறது.

என் அனுபவம் கொஞ்சம் கசப்பு. ஒரு கூட்டத்தில் பிரசங்கியார், “இந்தச் சொல் இயேசுவுக்கு மட்டுமே உரியது, வேறு யாருக்கும் வராது” என்று மேசையைத் தட்டினார். வீட்டுக்கு வந்து எண்ணினேன். மத்தேயுவில் 5, மாற்குவில் 4, லூக்காவில் 3, மொத்தம் 12. யோவானிலும் நிருபங்களிலும் இந்த வினை இல்லை. பெரும்பாலானவை இயேசுவைப் பற்றியவை, சரி. ஆனால் சமாரியன்? தகப்பன்? மத்தேயு 18:27-இல் கடனை மன்னித்த எஜமான்? மூவரும் உவமையில் வருகிறவர்கள். அந்தக் கடன் பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்துக்கு 6,000 வெள்ளிப்பணம் என்றால் 6 கோடி. அந்தக் கடன் தள்ளுபடியாகி வெளியே வந்தவன், தனக்கு வரவேண்டிய 100 வெள்ளிப்பணத்துக்காக உடன் வேலைக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். எஜமானுக்கு உள்ளே என்னவோ ஆனது, இவனுக்கு ஆகவில்லை. பிரசங்கியாரிடம் போய்ச் சொன்னேன். “வசனம் தெரிந்தால் போதாது தம்பி” என்றார்.

பழையபிரதி:
மாற்கு 1:41-ஐ யாரும் தொடவில்லையே. குஷ்டரோகியைக் கண்டு “இயேசு மனதுருகி, கையை நீட்டி” என்று பத்து வயதில் மனப்பாடம் செய்த வசனம். 2011-இல் வந்த புதிய சர்வதேச ஆங்கிலப் பதிப்பைப் புரட்டினால் அதே இடத்தில் இயேசு கோபப்படுகிறார்! அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

பிறகுதான் தெரிந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ‘பேசா’ (Bezae) என்ற பழைய கையெழுத்துப் பிரதியில் அங்கே ‘கோபங்கொண்டு’ என்று இருக்கிறது. கிரேக்கப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவை ‘மனதுருகி’ என்கின்றன. கோபத்தை இரக்கமாக மாற்ற, பிரதி எடுக்கும் ஒரு எழுத்தருக்குக் காரணம் இருக்கும், இரக்கத்தைக் கோபமாக யார் மாற்றுவார் என்பது ஒரு தரப்பின் வாதம். எனக்கு இன்னும் முடிவு இல்லை. பெரும்பான்மைப் பக்கம்தான் சாய்கிறேன், பத்து வயதுப் பழக்கமாகவும் இருக்கலாம்.

திண்ணைவாசி:
@ஒற்றுப்பிழை தம்பி, பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆச்சி பயந்துதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அந்தப் பயம் அடங்குவதற்குள் அவள் படி இறங்கிப் போய்ப் பேரனைத் தூக்கியிருந்தாள். அந்த மீதிப் பாதியை விட்டுத்தர மாட்டேன்.

பவுல் பிலேமோனுக்கு எழுதிய நிருபத்தின் 12-ஆம் வசனத்தையும் பாருங்கள். தப்பி ஓடியதாகச் சொல்லப்படும் அடிமை ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பும் பவுல், நம் பைபிளில் “என் உள்ளம்போலிருக்கிற அவனை” என்கிறார். கிரேக்கத்தில் அந்த ‘உள்ளம்’ ஸ்ப்ளாங்க்னாதான். என் ஈரக்குலையை அனுப்புகிறேன், வாங்கிக்கொள் என்று எழுதினால் ஆச்சிக்கு உடனே புரிந்திருக்கும். பைபிள் சங்கத்தார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.