பாறைச் செதுக்கல்களின் இருப்பிடத்தைப் பொதுவில் இடலாமா?

கடலோர நடையன்:
சிட்னிக்கு வடக்கே கூ-ரிங்-காய் சேஸ் தேசியப் பூங்காவில், பாதையை விட்டுச் சற்று விலகியிருந்த பாறைத்தளமொன்றில் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் மீனும் வாலபியும் (சிறு கங்காரு வகை) செதுக்கியிருக்கக் கண்டு, படத்தோடு ஜிபிஎஸ் புள்ளியையும் இங்கே இட்டிருந்தேன். நெறியாளர் புள்ளியை நீக்கிவிட்டார். 1894 முதல் பூங்காவாக இருக்கும் பொதுநிலத்தில் இந்த மறைப்பு எதற்கு? மக்கள் கண்ணால் காணாத ஒன்றைக் காக்க யார் முன்வருவார்கள்?

மணற்கல்:
நீக்கும்படி கேட்டவள் நான்தான். மணற்கல்லில் வரிசையாகக் குழிகள் கொத்தி, அவற்றைத் தேய்த்து இணைத்து உருவாக்கிய கோடுகள் அவை. மழையும் உப்புக்காற்றும் ஏற்கெனவே மழுக்கிவரும் அந்தப் பள்ளங்களின்மேல் நூறு ஜோடி பூட்ஸ்களும் ஏறினால் எத்தனை நாள் தாங்கும்? பூர்வகுடித் தளங்களுக்கான மாநிலப் பதிவேட்டின் பொதுத் தேடலே எத்தனை தளங்கள் என்ற எண்ணிக்கையை மட்டும்தான் தருகிறது, இடத்தை அல்ல. அது போகட்டும், உங்கள் படத்தில் வாலபியின் வால் மட்டும் வெள்ளையாக இருக்கிறதே, கோடு தெளிவாகத் தெரியப் பூசிய சாக்பீஸா?

கடலோர நடையன்:
சாக்பீஸ்தான், ஆனால் பூசியவன் நானல்லன், எனக்கு முன்பு வந்த யாரோ. நீங்கள் மறைத்தும் அவர் வந்துவிட்டார் என்பதைக் கவனியுங்கள். சிட்னிக்குத் தெற்கே ஜிப்பன் முனையில் இதே போன்ற செதுக்கல்களைப் பலகை வைத்து ஊரறியக் காட்டுகிறார்களே, அது மட்டும் எப்படிச் சரியாகும்?

பண்டீனாவாசி:
ஜிப்பன் எங்கள் வீட்டுக்குப் பக்கம் என்பதால் குறுக்கிடுகிறேன். 1879இல் அமைந்த ராயல் தேசியப் பூங்காவிலுள்ள அந்தத் தராவல் பூர்வகுடி மக்களின் திமிங்கலத்தையும் திருக்கையையும் இப்போது மரப்பலகை மேடையில் நின்றுதான் பார்க்கிறோம். யாருடைய காலும் பாறையில் படுவதில்லை. மாலை வெயில் சாய்வாக விழும்போது, பகலில் வெறும் பாறையாகத் தெரிந்த இடத்தில் திருக்கையின் விளிம்பு மெல்ல எழுந்துவரும்; சாக்பீஸுக்கு அங்கே வேலையே இல்லை. உங்கள் புள்ளியில் மேடையும் இல்லை, கண்காணிப்பும் இல்லை.

மணற்கல்:
காட்டும் ஆர்வம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு சிட்னியின் பாண்டை பகுதி சாட்சி. 1960களில் அங்கே நகராட்சியே மங்கிய செதுக்கல் கோடுகளை மறுபடி வெட்டியது. இன்று நாம் அங்கே பார்ப்பது யாருடைய கோடு? பொதுநிலம் என்கிறீர்கள், சிட்னிப் பூர்வகுடிகளைக் கொன்று குவித்த 1789இன் பெரியம்மைக்குப் பின் எஞ்சியவர்களின் வழித்தோன்றல்களிடம் யாரும் கேட்டார்களா?

கடலோர நடையன்:
அந்தக் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை, படத்தையும் எடுத்துவிடுகிறேன். ஆயினும் பாதுகாப்போடு காட்டும் இடங்கள் இன்னும் கூட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றமில்லை. சனிக்கிழமை மாலை, கூ-ரிங்-காய் பூங்காவிலேயே செதுக்கல்களைப் பலகை வைத்துக் காட்டியிருக்கும் பேசின் பாதைக்குப் போகிறேன், சாக்பீஸ் இல்லாமல்.