புதுப்பிப்பு: உணவுக்குழாய் அறுவைக்குப் பின் சாப்பிட்டதும் படபடப்பு

மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன்: உணவுக்குழாயில் புற்றுநோய், கீமோ, ரேடியேஷன், அப்புறம் அறுவை. வீடு திரும்பியபின் சாப்பிட்ட அரை மணிக்குள் நெஞ்சு படபடக்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, வயிற்றைக் கலக்குகிறது, ஏன் என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

"டம்பிங்காக இருக்கும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதீர்கள்" என்று ஒருவர் சொன்னாரே, அதேதான். டாக்டரும் உறுதி செய்தார். உணவுக்குழாயை எடுத்த இடத்தில் இரைப்பையைக் குழாய்போல் ஆக்கி மேலே இழுத்துத் தைத்திருப்பதால், உணவு தங்காமல் சட்டென்று சிறுகுடலுக்குள் இறங்கிவிடுகிறதாம், அதைத்தான் டம்பிங் என்கிறார்கள். இப்போது சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் தண்ணீர். நாளுக்கு ஆறு வேளை, சின்னக் கிண்ணம் அளவு. இனிப்பு கிட்டத்தட்ட இல்லை. பத்து நாளில் நன்றாகவே குறைந்தது. இரண்டு மணி நேரம் கழித்து எப்போதாவது கை நடுங்கும். அது ரத்தச் சர்க்கரை இறங்குவதால்.

இரவில் கசப்பு தொண்டைக்கு ஏறுவதற்குத் தலையணைகளை அடுக்கிப் பார்த்தேன், கழுத்துவலிதான் மிச்சம். தலைமாட்டுப் பக்கம் கட்டில் கால்களுக்கு அடியில் கட்டை வைத்ததும் சரியானது. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுகிறேன்.

எதிர்பாராதது ஒன்று. போன மாதம் மறுபடி விழுங்க முடியாமல் சிக்கியது. நோய் திரும்பிவிட்டது என்றே நினைத்து இரண்டு இரவு தூங்கவில்லை. இதே அறுவை செய்துகொண்ட ஒருவர் போனில் "எனக்கும் தையல் போட்ட இடம் சுருங்கியது, உடனே போய்க் காட்டுங்கள்" என்றார். எண்டோஸ்கோப்பியில் பார்த்தால் அதுவேதான். பலூன் வைத்து விரித்தார்கள், இரண்டு தடவை. இப்போது மாத்திரையை உடைக்காமல் விழுங்குகிறேன். எடை மட்டும் இன்னும் ஏறவில்லை.