இறாக்கையைச் சுவரில் பூட்ட எந்தத் திருகாணி?

குளத்தடியான்:
கிளிநொச்சியில் புதுவீடு, சீமெந்துக் கல் சுவர். ஆறடி புத்தக இறாக்கையைக் கறுப்புத் திருகாணியால் பூட்டினேன், பிள்ளை பிடித்துத் தொங்கியதும் பூச்சோடு கழன்று வந்துவிட்டது. நல்லகாலம், காயமில்லை. என்ன அளவு போடலாம்?

பழைய தச்சன்:
தம்பி, கறுப்பு ஆணி ஜிப்சம் பலகைக்கு உரியது, பாரம் இழுத்தால் முறியும். 8 மில்லிமீற்றர் துளை போட்டு, தூசியை ஊதிவிட்டு, றோல் பிளக் (துளைக்குள் விரிந்து திருகாணியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழல்) இறக்கி, 5 மில்லிமீற்றர் தடிப்பில் 70 நீளத் திருகாணி போடுங்கோ. பூச்சே அரை அங்குலத்தைத் தின்றுவிடும், பிடி கல்லுக்குள்தான் இருக்கவேண்டும்.

மாங்குளத்தான்:
ஓட்டைக் கல்லா என்று முதலில் பாருங்கோ, அதில் சாதாரண பிளக் சும்மா சுற்றும். அப்புறம், இறாக்கை முதிரை மாதிரி வைரமான மரப் பலகையென்றால் 3 மில்லிமீற்றரில் முன்துளை போட்டு ஆணியில் சவர்க்காரம் பூசுங்கோ, இல்லாட்டி தலை அறுந்துவிடும். நான் இரண்டை அறுத்தவன்.

குளத்தடியான்:
சரி அண்ணை, துளைத்துப் பார்த்தேன், முழுக்கல்தான்.