மிதக்க விடாத பொருளுக்கு என்ன பெயர்?

மடல் 1

அன்புடையீர், வணக்கம். வேதிப்பொறியியல் மாணவர்களுக்கான பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தாதுத்தூளை நீரில் கலக்கி, காற்றுக்குமிழிகளால் ஒரு கனிமத்தை மட்டும் நுரையோடு மேலேற்றிப் பிரிப்பது நுரை மிதப்பு முறை. அதில் கனிமத்தைக் குமிழியோடு ஒட்டச் செய்யும் சாந்தேட்டு என்னும் வேதிப்பொருளுக்குச் ‘சேகரிப்பான்’ என்ற சொல் இருக்கிறது. வேறொரு கனிமத்தை மிதக்க விடாமல் நிறுத்தும் பொருளுக்குத்தான் சொல் தேடுகிறேன். ஈயத் தாதுவோடு கலந்த துத்தநாக சல்பைடை நிறுத்தச் சோடியம் சயனைடு இடுவதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். என் பாடமோ நஞ்சில்லாத உயிர்மூலக்கூறுகளைப் பற்றியது. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்து இரும்புத் தாதுவில் அமீன் என்னும் சேகரிப்பான் குவார்ட்ஸை நுரையேற்ற, மக்காச்சோள மாவுச்சத்து ஹேமடைட் என்னும் இரும்புக் கனிமத்தை நீரிலேயே நிறுத்துகிறது. கொத்தவரை விதைப் பசை டால்க் என்னும் மென்கனிமத்தை அவ்வாறே நிறுத்துகிறது. இப்பொருள்களை ‘ஒடுக்கி’ எனலாமா?

மடல் 2

ஐயா, தமிழ்நாட்டில் ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரானது ஒடுக்கம். ஆகவே ‘ஒடுக்கி’ என்றதும் மாணவர் எலக்ட்ரானைத் தரும் பொருளையே நினைப்பார். அதனையே இலங்கையில் நாங்கள் தாழ்த்தல் என்பதால் ‘தாழ்த்தி’யும் உதவாது. மாப்பொருள் ஹேமடைட்டைத் தாழ்த்தியது என்று எழுதினால், தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்கும் ஊதுலையின் வேலையை மிதப்புத் தொட்டியே முடித்துவிட்டதாகப் பொருள்படும்.

மடல் 3

இரு கரைக்கும் பொதுவாக ‘அமிழ்த்தி’ என்க. அமிழ் தன்வினை, அமிழ்த்து பிறவினை. அதனோடு இகர விகுதி சேர்ந்து, மண்வெட்டி போலக் கருவிப்பெயராகும். வினையெச்சத்தோடு மயங்கும் என்பார்க்குக் ‘கடத்தி’யைக் காட்டுவேன். அமிழ்து என்ற சொல்லும் இவ்வேரில் பிறந்ததே என்பது என் நெடுநாள் கருத்து: கடலுள் அமிழ்ந்து கிடந்து, கடைந்தபின் மேலெழுந்தது அமிழ்து. அமிர்தத்தின் திரிபே அது என்பார் கூற்றைத் தனி மடலில் மறுப்பேன்.

மடல் 4

புலவர் ஐயா பொறுத்தருள்க. கடைந்து மேலெழுந்ததன் பெயரை மேலெழாததற்குச் சூட்டுவது எனக்கு விளங்கவில்லை. மேலும், மாவுச்சத்து எதனையும் அமிழ்த்துவதில்லை. அதன் ஹைட்ராக்சில் தொகுதிகள் துகளின் மேற்பரப்பை நீர்நாட்டம் உடையதாக வைத்திருப்பதால் குமிழி அதனைப் பற்றுவதில்லை. பற்றாத துகள் தாதுத்தூள் கலந்த நீர்க்கூழிலேயே தங்கிவிடுகிறது, அவ்வளவே. ‘மிதப்புத் தடுப்பி’ என்பது சற்று நீளமாயினும், அகராதி இல்லாமலே மாணவருக்கு விளங்கும்.

மடல் 5

நன்றி. மறுப்புகள் ஓய்ந்துவிட்டமையாலும் அச்சகத்தார் அவசரப்படுத்துவதாலும் ‘மிதப்புத் தடுப்பி’ என்றே அனுப்புகிறேன்.

மடல் 6

அனுப்புக, ஆயினும் நான் இசையவில்லை. சயனைடும் தடுப்பி, மாவுச்சத்தும் தடுப்பி என்றால், நஞ்சின் இடத்தில் உணவுப்பொருளை வைத்த புதுமையைச் சொல் எங்கே காட்டுகிறது? ‘உயிர்த்தடுப்பி’ என்று சுருக்குவீராயின் உயிரையே தடுப்பதாகிவிடும். பின்னிணைப்பின் சொற்பட்டியலில் ‘அமிழ்த்தி’யையும் மாற்றுச் சொல்லாகச் சேர்க்க வேண்டுகிறேன்.