அபெரேஷனுக்கு எல்லா எடத்துலயும் 'பிறழ்ச்சி' செல்லுமா? 'சாய்தோற்றம்'னு ஒண்ணு பாருங்க

> அண்ணே, என் புஸ்தகத்துல விண்மீன் அபெரேஷனுக்கு (பூமி ஓடுததால விண்மீன் கொஞ்சம் சாஞ்ச எடத்துல தெரியுதது) 'விண்மீன் ஒளிப்பிறழ்ச்சி'ன்னு போட்டிருக்கேன், செரியான்னு பாத்து சொல்லுங்க. 'ஒளிவிலகல்'னே போட்டா பயலுவளுக்கு ஈசியா இருக்கும்னு ஒருத்தர் சொன்னாவ.

தம்பி, நீ அனுப்புன பக்கங்கள ராத்திரியே இருந்து வாசிச்சேன், கொள்ளாம், மொழி நல்லா ஓடுது. இந்த ஒரு சொல்லு மட்டும் இடிக்கி.

மொதல்ல ஒளிவிலகல் வேண்டவே வேண்டாம். அது ரிஃப்ராக்ஷனுக்கு ஸ்கூல்லயே பயலுவ படிச்சு வச்ச சொல்லு, வானியல்லயும் அதுக்கு தனியா ஒரு சோலி கெடக்கு. நம்ம கன்னியாகுமரி கடற்கரைல சாயங்காலம் சூரியன் கடலத் தொடுகதுன்னு எல்லாரும் போட்டோ எடுக்காவல்லா, அந்த நேரம் கணக்குப்படி பாத்தா சூரியன் முழுசும் கீழ போயாச்சு, காத்துமண்டலம் ஒளிய வளச்சு அர டிகிரி போல தூக்கிக் காட்டுது, சூரியனோட அகலமே ஏறக்குறைய அர டிகிரிதான். இதுதான் ஒளிவிலகல். அபெரேஷனுக்கு காத்தும் வேண்டாம் கண்ணாடியும் வேண்டாம், மேல சாட்டிலைட்டுல டெலஸ்கோப்ப வச்சுப் பாத்தாலும் அது இருக்கும். ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சா உன் புஸ்தகத்துல அடுத்த அத்தியாயத்துலயே மாட்டிக்கிடுவ.

இனி பிறழ்ச்சிக்கு வாறேன். நீ லென்ஸ் பாடத்துல நிறப்பிறழ்ச்சி, கோளப்பிறழ்ச்சின்னு போட்டிருக்க, அத தொடவே கூடாது, ஏன்னா அங்க குத்தம்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கு. ஒரு எடத்துல வந்து குவியவேண்டிய ஒளி குவியல. ஹப்பிள் டெலஸ்கோப்ப 1990ல மேல அனுப்புன பெறவுதான் தெரிஞ்சுது 2.4 மீட்டர் கண்ணாடியோட ஓரத்த தேவைக்கு மேல 2.2 மைக்ரான் போல தேச்சுப்புட்டாவன்னு, படமெல்லாம் கலங்கிப்போச்சு, 1993 டிசம்பர்ல ஆளு போயி சரிக்கட்ட வேண்டியதாச்சு. பிறழ்ச்சின்னா அது பிறழ்ச்சி.

ஆனா விண்மீன் விஷயம் அப்படியா? 1725 டிசம்பர்ல இங்கிலாந்து வானியல்காரரு ஜேம்ஸ் பிராட்லியும் சாமுவேல் மாலினோவும் லண்டன் பக்கத்துல கியூங்குற எடத்துல டிராக்கோ மண்டலத்து காமா விண்மீன தொடர்ந்து பாத்தாவ, அவிய தேடுனது இடமாறு தோற்றம், பூமி சூரியன சுத்துததால பக்கத்து விண்மீன் கொஞ்சம் நவுந்து தெரியணும்லா அது. கணக்குப்படி அந்த மீனு டிசம்பர்லயே தெக்க அத்தம் போயி நிக்கணும், அது என்னடான்னா மார்ச் மாசம் வரைக்கும் தெக்க போயிக்கிட்டே இருந்துச்சு, சரியா மூணு மாசம் தப்பி. அளவு சுமார் 20 ஆர்க்செகண்ட், ஒரு டிகிரிய 3600ஆ பிரிச்சா ஒரு பங்குதான் ஒரு ஆர்க்செகண்ட். காரணத்த புடிச்சு பிராட்லி 1729ல வெளிய சொன்னாரு. பூமி செகண்டுக்கு 30 கிலோமீட்டர் ஓடுது, ஒளி 3 லட்சம் கிலோமீட்டர், அந்த பத்தாயிரத்துல ஒரு பங்குதான் கோணமா வருது. காத்தே இல்லாம நேரா பெய்யுத மழைல தக்கலையிலருந்து நாகர்கோவிலுக்கு பைக்க முறுக்குனா மூஞ்சியிலல்லா வந்து அடிக்கும், மழ நேராத்தான் பெய்யுது, ஓடுதது நாமதான்.

இதுல பிறழ்ந்தது யாரு? விண்மீனா, ஒளியா, கண்ணாடியா? ஒண்ணும் பிறழல. லத்தீன்ல அந்த சொல்லுக்கு வழிதப்பி அலையுததுன்னு அர்த்தம், அன்னைக்கு காரணம் தெரியாம இருந்தப்போ வச்ச பேரு மாதிரி கெடக்கு, காரணம் தெரிஞ்ச பெறவும் அத நாம தமிழ்ல எதுக்கு சொமக்கணும்? தமிழ்ல பிறழ்னா நெறி பிறழ்ந்தான், மனப்பிறழ்வு, கோர்ட் செய்தியில பிறழ்சாட்சி, எல்லாத்துலயும் ஒரு பழி ஒட்டிக்கிட்டுல்லா வருது.

சொல்லுல பழி ஏறுத சங்கதிக்கு இன்னொண்ணு சொல்லுகேன். விகாரம்னா இலக்கணத்துல வெறும் மாற்றம்தான், தோன்றல் திரிதல் கெடுதல். இலங்கைக்காரங்க அத மியூட்டேஷனுக்கு, அதாவது மரபணு மாறுததுக்கு வச்சிருக்காவ, கொள்ளாம்தான், ஆனா நம்ம ஊருல ஒரு புள்ளைக்கு விகாரம் இருக்குன்னு சொல்லிப்பாரு, தாய்க்காரி சண்டைக்கு வருவா. புள்ளியியல்ல வாற ஸ்டாண்டர்ட் டீவியேஷன்லயும் அப்பிடித்தான், நம்ம பாடபுஸ்தகத்துல திட்டவிலக்கம், அவிய நியமவிலகல். விலக்கம்னா யாரோ புடிச்சுத் தள்ளுனது, ஊர்விலக்கம் மாதிரி. விலகல்னா தானா வெலகி நிக்கது. எனக்கு அவிய சொல்லுதான் புடிச்சிருக்கு, ஆனா இனி மாத்த முடியாது, பரீட்சைல வந்து ஊறிப்போச்சு.

மழக்கணக்குல இந்த தொல்லையே இல்ல பாத்தியா. வானிலைக்காரங்க இயல்புலருந்து 19 சதவீதம் கூடுனாலும் கொறஞ்சாலும் இயல்புன்னே எழுதிருவாவ, அதத் தாண்டுனா இயல்பவிட கூடுதல், இயல்பவிட குறைவு. ஒரு பெயர்ச்சொல்ல தேடி அலையாம சோலி முடிஞ்சுது.

அதனால எனக்குத் தோணுதது 'சாய்தோற்றம்'. இடமாறு தோற்றத்துக்கு அண்ணந்தம்பி மாதிரி நிக்கும், ரெண்டும் பூமி ஓடுததால நமக்கு தெரியுத தோற்றம்தானே. வினைத்தொகை, அதனால எதுகூடயும் ஒட்டும்: ஆண்டுச் சாய்தோற்றம், சாய்தோற்றக் கோணம். பூமி தன்னத்தானே சுத்துததால வாறதுக்கு அன்றாடச் சாய்தோற்றம், அது நிலநடுக்கோட்டுல கூடுனா 0.32 ஆர்க்செகண்ட், துருவத்துல ஒண்ணுமில்ல, 8 டிகிரில இருக்க நமக்கு கிட்டத்தட்ட முழுசும் உண்டு.

கொளச்சல், முட்டம் பக்கமெல்லாம் கடப்பொறத்துல கள்ளக்கடல்னு சொல்லுவாவல்லா, இங்க காத்தும் இல்ல மழையும் இல்ல, எங்கயோ தெக்க இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச புயல்ல பொறந்த அல வந்து திடுதிப்புன்னு கரையேறும். அத கடல்பிறழ்ச்சின்னு யாரும் சொல்லல. நிக்கவனுக்கு அது எப்படி வருதுன்னு பாத்து, சொல்லாம கொள்ளாம வாறதால கள்ளன்னு வச்சாவ, 2012ல யுனெஸ்கோவே அந்த பேர ஏத்துக்கிடுச்சு. பாக்கவனுக்கு என்னவா தெரியுதோ அதுலருந்து சொல்லு எடுக்கது நமக்கு புதுசில்ல.

---

அண்ணே, சாய்தோற்றம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு இடறல். ஒண்ணு, 'அண்டத்தின் தோற்றம்'னு மூணாவது அத்தியாயத்துக்கே தலைப்பு வச்சிருக்கேன், அங்க தோற்றம்னா பொறப்பு, இங்க காட்சி, பயலுவ கொழம்பிர மாட்டானுவளா? ரெண்டு, பூமியோட அச்சுச் சாய்வுன்னும் ஒண்ணு வருது. அப்புறம் பிறழ் மேல இவ்வளவு கோவம் எதுக்கு, பழைய பாட்டுல கயல் பிறழ்றது அழகாத்தானே வருது, அதுல என்ன பழி?

---

கயல் பிறழ்றது அழகுதான் தம்பி, யாரு இல்லைன்னா. உன் புஸ்தகத்த வாசிக்க போற ஒம்பதாங்கிளாஸ் பய தெனம் பேப்பர்ல பாக்கது பிறழ்சாட்சியத்தான், கயல இல்ல.

அச்சுச் சாய்வுல கொழப்பம் வராது, அங்க அச்சு மெய்யாவே 23.4 டிகிரி சாஞ்சு நிக்கி, இங்க சாயுதது தோற்றம் மட்டும், அத சொல்லே சொல்லிருது. மூணாவது அத்தியாயந்தான் நீ சொன்னது ஞாயம். அத 'அண்டத்தின் பிறப்பு'ன்னு மாத்திரு. இடமாறு தோற்றத்த ஒருத்தனும் பொறப்புன்னு வாசிக்கல, இதயும் வாசிக்க மாட்டான், ஆனாலும் ஒரே புஸ்தகத்துல ரெண்டு அர்த்தம் வேண்டாம்.

சொல்லடைவுல விண்மீன் ஒளிப்பிறழ்ச்சின்னு போட்டு பக்கத்துலயே 'சாய்தோற்றம் காண்க'ன்னு ஒரு வரி குடு, பழைய பாடபுஸ்தகம் படிச்சவன் தேடுவான். ஹப்பிள் பெட்டிச்செய்தில கை வைக்காத, அது பிறழ்ச்சியாவே இருக்கட்டும். குரோமோசோம் பிறழ்ச்சிக்கு என்ன செய்யன்னு உயிரியல்காரங்க யாராச்சும் வந்து சொல்லட்டும், அதுல நான் தலையிடல.