ஜனவரி 2024 மாத வீரர்: பெயரைச் சொல்லுங்க (சண்டை வேண்டாம்)

வலையோரம் | ஜன. 29, இரவு 9:10
வழக்கம்போல மாதக் கடைசி. ஜனவரி மாத டென்னிஸ் வீரர் யார்? ஒரு பெயர், ஒரு காரணம். பிப்ரவரி 5 வரைக்கும் நேரம். நேத்து இன்னொரு இழையில ஒருத்தர் "இதுல யோசிக்க என்ன இருக்கு, போபண்ணாதான், மத்தவங்க எல்லாம் மெல்போர்னுக்கு வேடிக்கை பார்க்க வந்தவங்க"ன்னு எழுதிட்டுப் போயிருந்தார். அதனாலதான் முறையா ஒரு இழை. என் ஓட்டு சின்னர்: மெல்போர்ன்ல நேத்து முடிஞ்ச ஆஸ்திரேலிய ஓபன்ல ஆண்கள் சிங்கிள்ஸ் கோப்பை அவரோடது.

கூர்க்_காப்பி | ஜன. 29, இரவு 9:22
அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லியே எழுதலாம், பயப்படாதீங்க. திரும்பவும் சொல்றேன்: ரோஹன் போபண்ணா. 43 வயசுல ஆஸ்திரேலிய ஓபன் டபுள்ஸ் கோப்பை. ஓபன் யுகத்துல, அதாவது 1968க்கு அப்புறம், ஆண்கள் டபுள்ஸ் ஸ்லாம் (நாலு பெரிய போட்டிகள்ல ஒன்னு) ஜெயிச்ச அதிக வயசுக்காரர். இன்னைக்குத் தரவரிசையில ஒன்னாம் நம்பர். நடுவுல பத்மஸ்ரீ. ஒரே வாரத்துல மூணும். இதுக்கு மேல என்ன வேணும்?

பழைய_மரமட்டை | ஜன. 29, இரவு 9:31
எப்டன் வேணும்.

கூர்க்_காப்பி | ஜன. 29, இரவு 9:33
புரியல சார்.

பழைய_மரமட்டை | ஜன. 29, இரவு 9:47
புரியாதுதான். மேத்யூ எப்டன்னு ஒரு ஆள், போபண்ணாவோட ஜோடி. பெர்த் ஊர்க்காரர், 36 வயசு. ஃபைனல்ல வலைக்கு இந்தப் பக்கம் ரெண்டு பேர் நின்னாங்க தம்பி. எதிர்ப்பக்கம் நின்ன பொலெல்லியும் வாவசோரியும் தோத்தது 7-6, 7-5. 6-6 ஆனதும் செட்டைத் தீர்க்க ஆடற டைபிரேக், அந்த முதல் செட்டுல 7-0. அந்த ஏழு புள்ளியையும் போபண்ணா ஒத்தை ஆளா எடுத்தாரா? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

மெட்வதேவ்_பாவம் | ஜன. 29, இரவு 10:02
என் ஓட்டு மெத்வதேவ். ஒரே போட்டித் தொடர்ல 24 மணி நேரத்துக்கு மேல மைதானத்துல நின்னவர். ருசுவூரியோட ஆடின ஆட்டம் அங்கே விடிகாலை 3:39க்கு முடிஞ்சது. நமக்கு ராத்திரி பத்து, நான் சாப்பிட்டுக் கை கழுவிட்டேன், அந்த மனுஷன் அப்பத்தான் பையைக் கட்டறார். செமியில ஸ்வெரெவ்கிட்ட ரெண்டு செட் பின்தங்கி ஜெயிச்சார். ஃபைனல்ல சின்னர்கிட்ட ரெண்டு செட் முன்னால இருந்து தோத்தார். 2022ல நடாலோட இதே மைதானத்துல இதே கதை. அழுகை வருது.

சர்வ்_சரசு | ஜன. 29, இரவு 10:10
சபலென்கா. ஒரு செட்கூட விடாம கோப்பையைத் தக்க வச்சிருக்காங்க. 2013ல அசரென்காவுக்குப் பிறகு மெல்போர்ன்ல பெண்கள் சிங்கிள்ஸ் கோப்பையை யாரும் தக்க வச்சதில்ல. ஃபைனல்ல ஜெங்கை 6-3, 6-2.

கிண்டி_கில்லி | ஜன. 29, இரவு 10:15
சுமித் நாகல். 137ஆம் இடத்துல இருந்து தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்து, 31ஆம் நிலை (சீட்) கொடுத்திருந்த பூப்ளிக்கை நேர் செட்டுல தட்டினார். கிராண்ட்ஸ்லாம் சிங்கிள்ஸ்ல நிலை பெற்ற ஒருத்தரை இந்திய ஆண் ஜெயிச்சது 1989க்கு அப்புறம் இப்பத்தான். போன செப்டம்பர்ல பேங்க் கணக்குல 900 யூரோதான் இருக்குன்னு சொன்ன பையன் அவர்.

பழைய_மரமட்டை | ஜன. 29, இரவு 10:24
1989ல ஜெயிச்சது யாருன்னு எழுதினா விரல் தேஞ்சிடுமா? ரமேஷ் கிருஷ்ணன். மெட்ராஸ்காரர். தோத்தது மட்ஸ் விலாண்டர். அப்போ உலகத்துல ஒன்னாம் நம்பர், அந்தக் கோப்பையோட நடப்புச் சாம்பியன். பூப்ளிக்கையும் விலாண்டரையும் ஒரே வரியில எழுதறதே பாவம். சரி, அதை விடுங்க. காப்பி தம்பி, எப்டனுக்குப் பதில் வரலையே?

கூர்க்_காப்பி | ஜன. 30, காலை 7:05
சார், விடிஞ்சதும் உங்க முகத்துலதான் முழிச்சேன். பதில் இதோ: டபுள்ஸ் தரவரிசை ஜோடிக்கு இல்ல, தனி ஆளுக்கு. ஒன்னாம் நம்பர் போபண்ணா, ரெண்டாம் நம்பர் எப்டன். ஆக ஆண்கள் டென்னிஸை நடத்தற ஏடிபியே ரெண்டு பேரையும் பிரிச்சுத்தான் பார்க்குது. எப்டன் ஏற்கனவே 2022ல பர்செல்லோட விம்பிள்டன் ஜெயிச்சவர். போபண்ணாவுக்கு ஆண்கள் டபுள்ஸ்ல இதுதான் முதல் ஸ்லாம். 2010ல குரேஷியோட நியூயார்க் (யு.எஸ். ஓபன்) ஃபைனல், பிரையன் சகோதரர்கள்கிட்ட தோல்வி. 2023ல இதே எப்டனோட நியூயார்க் ஃபைனல், ராம்-சாலிஸ்பரிகிட்ட தோல்வி. முழங்கால்ல சவ்வு தேஞ்சு போய், ஐயங்கார் யோகா பண்ணி நடந்த கால் அது. கதை யாரோடது?

பழைய_மரமட்டை | ஜன. 30, காலை 7:40
கதைக்கு ஓட்டுன்னா சினிமா இழைக்குப் போங்க. இது டென்னிஸ். நீங்களே "இதே எப்டனோட"ன்னு எழுதறீங்க. அப்போ தோல்வியில எப்டன் உண்டு, ஜெயிச்சா மட்டும் காணாமப் போயிடறார். நல்ல நியாயம்.

ஜோக்கர்_ரசிகை | ஜன. 30, காலை 8:15
சின்னருக்கு ஓட்டுப் போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. அரையிறுதியில நின்னது ஜோகோவிச்சோட நிழல். வருஷ ஆரம்பத்துல பெர்த்துல டி மினாரோட ஆடும்போதே மணிக்கட்டு வலி. தன்னோட மோசமான ஸ்லாம் ஆட்டங்கள்ல இதுவும் ஒன்னுன்னு அவரே சொல்லிட்டார்.

வலையோரம் | ஜன. 30, காலை 8:30
மேடம், 6-1, 6-2, 6-7, 6-3. ஜோகோவிச்சுக்கு முழு ஆட்டத்துலயும் பிரேக் பாயின்ட், அதாவது எதிராளி சர்வ் போடற கேமை ஜெயிக்க ஒரு புள்ளி போதும்ங்கற வாய்ப்பு, எத்தனை? ஒன்னுகூட இல்ல. முடிவு வரைக்கும் ஆடின ஒரு ஸ்லாம் ஆட்டத்துல அவருக்கு இப்படி நடந்ததே கிடையாது. மெல்போர்ன்ல அதுவரைக்கும் அரையிறுதியில தோத்ததே இல்லாத ஆள். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

ஜோக்கர்_ரசிகை | ஜன. 30, காலை 8:34
24 ஸ்லாம் ஜெயிச்சவருக்கு ஆடத் தெரியாதா? பழமொழியைப் பார்த்துப் போடுங்க. குடியரசு தின லீவுன்னு காலையில டிபன்கூட வைக்காம டிவி முன்னாடி உட்கார்ந்தேன். எனக்குத் தெரியாதா எந்த ஜோகோவிச் வந்தார்னு?

வலையோரம் | ஜன. 30, காலை 8:36
பிரேக் பாயின்ட்: பூஜ்யம்.

ஜோக்கர்_ரசிகை | ஜன. 30, காலை 8:37
உங்க நாகரிகமும் அதே எண்ணிக்கைதான்.

டிராப்ஷாட்_தங்கம் | ஜன. 30, காலை 10:20
புதுசா வந்திருக்கேன், ஒரு சந்தேகம். மாத வீரர்னா கோப்பையைப் பார்க்கணுமா, எதிர்பார்த்ததுக்கு மேல ஆடினதைப் பார்க்கணுமா, இல்ல மாசம் முழுக்க ஆடினதா? சின்னர் ஜனவரில ஆடின அதிகாரப்பூர்வப் போட்டித் தொடரே ஒன்னுதானே? அதைத் தீர்மானிச்சுட்டா சண்டை பாதி குறையுமே.

பழைய_மரமட்டை | ஜன. 30, காலை 10:41
பாதின்னு சொன்னீங்க பாருங்க, அதான் பாயின்ட். கோப்பையில பாதி எப்டனோடது. போபண்ணாவுக்கு விழற ஒவ்வொரு ஓட்டையும் அரையா எண்ணணும்.

கூர்க்_காப்பி | ஜன. 30, காலை 10:44
அரை ஓட்டு! அப்போ பயஸ், பூபதி ரெண்டு பேரும் 1999ல நாலு ஸ்லாம் ஃபைனலும் ஆடினாங்களே, அதையும் ஆளுக்கு ரெண்டு ஃபைனல்னு எழுதிக்கலாமா சார்? பாரிஸ் பயஸுக்கு, விம்பிள்டன் பூபதிக்கு. உங்க மெட்ராஸ் ஆள் பூபதிங்கறதால அவருக்கு ரெண்டும் குடுத்திடுவீங்க.

பழைய_மரமட்டை | ஜன. 30, காலை 11:02
நீங்க சொல்ற உதாரணம் உங்களையே கடிக்குது. 1999ல நாங்க யாராவது "பயஸ் ஜெயிச்சார்"னு மட்டும் சொன்னோமா? "பயஸ்-பூபதி"ன்னுதான் சொன்னோம். ஒரே மூச்சுல, நடுவுல ஒரு கோடு. இந்தத் தடவை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர்ங்கறதால கோட்டையே அழிச்சுட்டீங்க. மெல்போர்ன்ல சொந்த நாட்டு ஜனங்க யாருக்குக் கை தட்டினாங்கன்னு நினைச்சீங்க? எப்டன்.

சர்வ்_சரசு | ஜன. 30, மதியம் 12:15
சபலென்காவுக்கு யாராவது பதில் சொல்லுவீங்களா? ரெண்டு வருஷம் முன்னாடி சர்வ் போடத் தெரியாம டபுள் ஃபால்ட் மேல டபுள் ஃபால்ட்னு அழுதுகிட்டே ஆடின பொண்ணு. அந்த சர்வை வச்சே ரெண்டு கோப்பை. பிரிஸ்பேன் ஃபைனல்ல ரிபாகினாகிட்ட 6-0, 6-3 வாங்கிட்டு மூணே வாரத்துல எழுந்து வந்தாங்க. மெல்போர்ன்ல சுரென்கோவை 6-0, 6-0.

கிண்டி_கில்லி | ஜன. 30, மதியம் 12:30
மரமட்டை அண்ணே, உங்க ஓட்டு யாருக்குன்னு இன்னும் சொல்லவே இல்லையே?

பழைய_மரமட்டை | ஜன. 30, மதியம் 12:58
சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு பழைய கணக்கு. 2023 மார்ச். இந்தியன் வெல்ஸ் டபுள்ஸை இதே ரெண்டு பேர் ஜெயிச்சாங்க. அப்பவும் 43 வயசுதான், ஸ்லாமுக்கு அடுத்த நிலையில இருக்கற மாஸ்டர்ஸ் போட்டியில ரொம்ப வயசான சாம்பியன்னு பேரு. அந்த மாசம் இங்கே "போபண்ணா, எப்டன்"னு சேர்த்து ஓட்டுப் போட்டேன். நம்ம வலையோரம் என்ன எழுதினார் தெரியுமா? "ஜோடிக்கு ஓட்டு செல்லாது, ஒரு பெயர் மட்டும்." அடிச்சார் என் ஓட்டை. அதுக்கு முதல் ஆளா கட்டைவிரல் தூக்கினது யாரு? காப்பி தம்பி. "டபுள்ஸ் எல்லாம் ஓய்வுக்கு முன்னாடி ஆடற ஆட்டம், அல்கராஸ்தான்"னு ஒரு வரி வேற. இப்போ பத்மஸ்ரீ வந்ததும் டபுள்ஸ் மேல பாசம் பொங்குது.

கூர்க்_காப்பி | ஜன. 30, மதியம் 1:03
பத்து மாசமா அதை மனசுல வச்சிருந்தீங்களா?

பழைய_மரமட்டை | ஜன. 30, மதியம் 1:04
படமாவே எடுத்து வச்சிருக்கேன்.

வலையோரம் | ஜன. 30, மதியம் 1:20
சார், அன்னைக்கு விதியைத்தான் சொன்னேன். ஒரு பெயர். இன்னைக்கும் அதேதான்.

பழைய_மரமட்டை | ஜன. 30, மதியம் 1:26
அப்போ என் ஓட்டு எப்டன். ஒரு பெயர். எழுதிக்குங்க. காரணம்: மேலே காப்பி தம்பி போபண்ணாவுக்கு எழுதின காரணத்துல வயசையும் பத்மஸ்ரீயையும் தரவரிசையையும் எடுத்துட்டு மிச்சத்தை அப்படியே ஒட்டிக்கவும்.

மெட்வதேவ்_பாவம் | ஜன. 30, மதியம் 1:40
அந்த டபுள்ஸ் ஃபைனலே 1 மணி 39 நிமிஷம்தான். எங்க ஆள் அந்த நேரத்துல ஒரு செட்டைத்தான் முடிப்பார்.

கூர்க்_காப்பி | ஜன. 30, மதியம் 1:52
மெத்வதேவ் அண்ணா, தோத்தவருக்கு ஓட்டுக் கேக்கறீங்க, கொஞ்சம் ஓரமா இருங்க. சார், ஒன்னு கேக்கறேன். உங்களுக்கு உண்மையிலேயே எப்டன் மேல அக்கறையா, இல்ல குடகுக்காரர் போபண்ணா ஜெயிச்சதுல வயித்தெரிச்சலா? விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன், அப்புறம் யாருமில்லன்னு சொல்லிட்டே 30 வருஷம் ஓட்டிட்டீங்க. சென்னை ஓபனையும் 2018ல புனேக்குத் தூக்கிக் கொடுத்தாச்சு.

கிண்டி_கில்லி | ஜன. 30, மதியம் 1:58
அதை ஏன் இங்கே இழுக்கறீங்க? அது தூக்கிக் கொடுத்தது இல்ல, தூக்கிட்டுப் போனது. 1997ல இருந்து வருஷா வருஷம் நுங்கம்பாக்கத்துல நடந்த போட்டி. நடாலை நாங்க அங்கே பக்கத்துல நின்னு பார்த்திருக்கோம். புனேல அஞ்சு வருஷம் நடத்திட்டு அங்கேயும் இல்லாமப் போச்சு. யாருக்கு லாபம்?

பழைய_மரமட்டை | ஜன. 30, மதியம் 2:10
கில்லி சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா தம்பி பேச்சை மாத்தறார், கவனிச்சீங்களா? வயித்தெரிச்சல், குடகு, புனே எல்லாம் வந்தாச்சு. வராத ஒரே பேர் எப்டன். மூணாவது சுற்றுல கூல்ஹோஃப், மெக்டிச் மாதிரி ஆட்களை ரெண்டு டைபிரேக்ல தாண்டினாங்களே, செமியில மகாச்-ஜாங் ஜோடியோட சூப்பர் டைபிரேக் 10-7 வரைக்கும் போச்சே, அப்பல்லாம் பக்கத்துல நின்னது யாரு?

கூர்க்_காப்பி | ஜன. 30, மதியம் 2:12
எப்டன் எப்டன் எப்டன். போதுமா? எழுதிட்டேன்.

பழைய_மரமட்டை | ஜன. 30, மதியம் 2:13
மூணு தடவை எழுதினா மூணு ஓட்டா எண்ணலாமா வலையோரம்?

டிராப்ஷாட்_தங்கம் | ஜன. 31, காலை 9:00
என் கேள்வி அப்படியே நிக்குது. மாத வீரர்னா என்ன?

ஜோக்கர்_ரசிகை | ஜன. 31, காலை 9:12
ஜோகோவிச் நல்லா ஆடாத மாசத்துல மத்தவங்களுக்குக் கொடுக்கற ஆறுதல் பரிசு.

வலையோரம் | ஜன. 31, காலை 9:14
பூஜ்யம்.

சர்வ்_சரசு | ஜன. 31, காலை 11:30
1976ல பனாட்டா பாரிஸ்ல ஜெயிச்சதுக்கு அப்புறம் சிங்கிள்ஸ்ல ஸ்லாம் ஜெயிச்ச முதல் இத்தாலிய ஆண்னு சின்னரைத் தூக்கி வைக்கறீங்க, 43 வயசுன்னு போபண்ணாவைத் தூக்கி வைக்கறீங்க, தோத்த மெத்வதேவுக்குக்கூட ஒரு பதிவு போட்டுத் துக்கம் விசாரிச்சாச்சு. ஒரு செட்கூட விடாத சபலென்காவைப் பத்தி இத்தனை பதிவுல ஒருத்தர் வாய் திறக்கல. மூணாவது தடவை எழுதறேன்.

பழைய_மரமட்டை | ஜன. 31, காலை 11:41
நீங்க சொல்றது நியாயம்தான் மேடம். அந்தப் பொண்ணு கோப்பையை யாரோடயும் பங்கு போடல. முழு ஓட்டு செல்லும். காப்பி தம்பி கவனிக்க.

சர்வ்_சரசு | ஜன. 31, காலை 11:43
இதுலயும் எப்டனா!

கிண்டி_கில்லி | பிப். 11, மாலை 6:50
வாக்கெடுப்பு முடிவு எங்கே வலையோரம்? அஞ்சாந் தேதி போய் ஆறு நாளாச்சு. அதுக்குள்ள நாகல் சென்னை சேலஞ்சரையும் ஜெயிச்சுட்டார். ஃபைனல்ல நார்டியை 6-1, 6-4. நாளைக்கு முதல் நூறுக்குள்ள. இதையும் சேர்த்துக்குங்க, நான்தான் மொதல்ல அவர் பேரைச் சொன்னது.

வலையோரம் | பிப். 11, மாலை 7:15
இது பிப்ரவரி கணக்கு. ஜனவரி எண்ணிக்கை தகராறுல இருக்கு. அரை ஓட்டா முழு ஓட்டான்னு முடிவாகல.

பழைய_மரமட்டை | பிப். 11, மாலை 7:22
நானும் இன்னைக்கு நுங்கம்பாக்கம் போயிருந்தேன். நல்ல கூட்டம். நாகல் ஆட்டம் அருமை. தனியா ஆடினார், தனியா ஜெயிச்சார்.

கூர்க்_காப்பி | பிப். 11, மாலை 7:25
தனியாவா போனீங்க சார்?

பழைய_மரமட்டை | பிப். 11, மாலை 7:26
பையனோட.

கூர்க்_காப்பி | பிப். 11, மாலை 7:26
அப்போ பாதி ஆட்டம்தான் பார்த்திருப்பீங்க.

பழைய_மரமட்டை | பிப். 11, மாலை 7:31
ஆட்டோவுக்கு முழுக் காசும் நான்தான் கொடுத்தேன் தம்பி.